வட்டி என்று சொல்லி வாங்கிய பங்குகள்

மணலியில் இருக்கிற சென்னை பெட்ரோலியம் நிறுவனம் 2023-24ஆம் ஆண்டுக்குப் பங்கு ஒன்றுக்கு 55 ரூபாய் டிவிடெண்ட் கொடுத்தது. அடுத்த ஆண்டுக்குக் கொடுத்தது 5 ரூபாய். டிவிடெண்ட் நன்றாக வருகிற ஷேராகப் பார்த்து வாங்கலாமென்று இருக்கிறேன் என்று யார் வந்தாலும், முதலில் இந்த இரண்டு எண்களைத்தான் சொல்வேன். எங்கள் ஊர் இடையஞ்சாவடியில் இப்போது அப்படி வருபவர்கள் அதிகம். ஆரோவில் யூனிட்டுகளில் வேலை பார்க்கிற பிள்ளைகள், சேதராப்பட்டு கம்பெனிகளுக்கு ஷிப்டு போகிறவர்கள், நிலம் விற்ற பணத்தை என்ன செய்வதென்று தெரியாமல் வைத்திருக்கும் பெரியவர்கள். நான் கணக்கு எழுதிப் பிழைத்தவன். ஊரில் கணக்குத் தெரிந்தவனுக்கு எல்லாம் தெரியும் என்று ஒரு நம்பிக்கை இருக்கிறது.

அந்த 55 ரூபாயைக் கொஞ்சம் கவனிக்க வேண்டும். 2025 தொடக்கத்தில் அந்தப் பங்கின் விலை 600 ரூபாய்ச் சுமாருக்கு இறங்கியிருந்தது. முந்தைய டிவிடெண்டை அன்றைய விலையால் வகுத்துப் பார்த்தவருக்கு 9 சதவீதத்துக்கு மேல் தெரிந்திருக்கும். செல்போன் செயலிகளில் 'அதிக டிவிடெண்ட் தரும் பங்குகள்' என்று வரும் பட்டியலெல்லாம் இந்த ஒரு வகுத்தலைத்தான் செய்கின்றன: மேலே போன வருசத்துப் பணம், கீழே இன்றைய விலை. விலை ஏன் இறங்கியது என்ற கேள்வி அந்தக் கணக்கில் இல்லை. சுத்திகரிப்பு ஆலைக்கு லாபம் என்பது கச்சா எண்ணெயின் விலைக்கும் பெட்ரோல், டீசல் விலைக்கும் நடுவில் நிற்கிற இடைவெளி. உக்ரைன் போருக்குப் பின் அந்த இடைவெளி உலகம் முழுக்க விரிந்தது, மணலியிலும் விரிந்தது. 2023-24இல் 2,700 கோடிக்கு மேல் லாபம். அடுத்த ஆண்டு 300 கோடியைக்கூடத் தொடவில்லை. கொஞ்சம் பின்னால் போனால் 2019-20இல் 2,000 கோடிக்கு மேல் நட்டம், டிவிடெண்டே கிடையாது. விற்றவர்கள் கண்ணுக்கு இது தெரிந்துதான் விலை இறங்கியது. பட்டியலுக்குத் தெரியவில்லை.

என் அம்மா பிறந்த வீடு மரக்காணம் பக்கம். அங்கே உப்பளத்தைக் குத்தகைக்கு எடுக்கிற எவரும் ஒரு நல்ல கோடையின் விளைச்சலை வைத்துப் பணம் பேசமாட்டார்கள். தை மாசியில் பாத்தி கட்டி ஐப்பசி மழை இறங்குவதற்குள் எவ்வளவு வாரினார்கள், நடுவில் கோடைமழை வந்து எத்தனை பாத்தி கரைந்தது, வாரிய உப்பு என்ன விலைக்குப் போனது என்று ஐந்தாறு வருசத்தைக் கிளறிக் கேட்டுவிட்டுத்தான் வாயைத் திறப்பார்கள். இந்தப் பேச்சைக் கேட்டே வளர்ந்தவன் நான். பங்கு வாங்கப் போனபோது மட்டும் அது எதுவும் ஞாபகத்துக்கு வரவில்லை.

அப்பாவுக்கு முந்திரியும் மல்லாட்டையும் போட்ட செம்மண் நிலம் இருந்தது. சாலையை ஒட்டிய ஒரு துண்டை விற்றார். பணத்தை வங்கியில் டெபாசிட் போட்டார். வைத்த வருசங்களில் வட்டி 9 சதவீதத்திலிருந்து மெல்ல மெல்ல இறங்கி ஏழுக்கும் கீழே போய்க்கொண்டிருந்தது. நான் டீமேட் கணக்கெல்லாம் வைத்துப் பெரிய மனுசனாகத் திரிந்த காலம் அது. ஷேர் என்றால் அப்பாவுக்குச் சூதாட்டம். அந்த வார்த்தையை எடுத்தாலே எழுந்து போய்விடுவார். அதனால் எடுக்கவில்லை. "பேங்குலயே போடறதுதாம்பா. இதுல வட்டி வருசத்துக்கு ஒருவாட்டி வரும், அவ்ளோதான்" என்றேன். டெபாசிட்டில் ஒரு பகுதி ஒரு வங்கியின் பங்குகளாக மாறியது. எந்த வங்கி என்பது இங்கே முக்கியமில்லை.

அப்பாவை வளைக்கச் சொன்ன பொய்யாக இது தெரியும். எனக்கே உள்ளுக்குள் அப்படித்தான் ஒரு எண்ணம் இருந்தது என்பது அதைவிட மோசம். வங்கி பெரிய கட்டடம், பூட்டு, காவலாளி. அதன் டெபாசிட் பத்திரமென்றால் அதன் பங்கும் பத்திரம்தானே. மூன்று வருசம் ஆடி மாதத்தை ஒட்டி டிவிடெண்ட் விழுந்தது. அப்பா பாஸ்புக்கில் பதிவு போட்டு வந்து அந்த வரியை விரல் வைத்துக் காட்டுவார். எனக்கும் பெருமைதான்.

2020 ஏப்ரல் 17 அன்று ரிசர்வ் வங்கி ஒரு சுற்றறிக்கை அனுப்பியது. கொரோனா ஊரடங்கில் கடன்கள் எத்தனை வராமல் போகும் என்று தெரியாத நேரம். 2019-20ஆம் ஆண்டின் லாபத்திலிருந்து இனி எந்த வங்கியும் டிவிடெண்ட் கொடுக்கக் கூடாது, மூலதனத்தைக் கையிலேயே வைத்துக்கொள்ள வேண்டும் என்று உத்தரவு. டிசம்பரில் அதையே உறுதியும் செய்தது. நல்ல லாபம் காட்டிய வங்கிக்கும் இதுதான் சட்டம்.

"ஏன்டா, இந்த வருசம் வட்டி விழலியே?"

பேங்கு நன்றாகத்தான் இருக்கிறது, ரிசர்வ் பேங்குதான் கொடுக்க வேண்டாமென்று சொல்லிவிட்டது என்றேன். அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "பக்கத்து வூட்டுக்காரனுக்கு அதே பேங்குல டெபாசிட் வட்டி வந்துட்டுதே. அவனுக்கு மட்டும் ஒண்ணும் சொல்லலியா?"

வாங்குவதற்கு முன் நான் கேட்டிருக்க வேண்டிய கேள்வி அது. டெபாசிட் போட்டவருக்கு வங்கி கடன்பட்டிருக்கிறது. வட்டியைக் கொடுத்தே ஆக வேண்டும். பங்கு வைத்திருப்பவர் கடன் கொடுத்தவர் அல்ல, சொந்தக்காரர். சம்பளம், சரக்குக்காரர் பாக்கி, கடன் வட்டி, அரசு வரி எல்லாம் போன பிறகு மிஞ்சினால், அதிலும் கொடுக்கலாமென்று இயக்குநர் குழு நினைத்தால், டிவிடெண்ட். இயக்குநர்கள் சிபாரிசு செய்யாவிட்டால் பங்குதாரர்கள் கூட்டம் போட்டுக் கேட்டாலும் வராது. நூறு வருசமாகக் கொடுத்த கம்பெனி நூற்றோராவது வருசம் நிறுத்தினால், அதைக் கேட்டு எந்தக் கோர்ட்டுக்கும் போக முடியாது.

அதே வருசம் நவம்பரில் கரூரில் நடந்தது இதன் கடைசி எல்லை. லட்சுமி விலாஸ் வங்கி 1926இல் கரூர் வியாபாரிகள் சேர்ந்து தொடங்கியது. கொங்கு நாட்டுக் குடும்பங்களில் அதன் பங்குகளைக் கல்யாணச் சீரோடு சேர்த்துக் கொடுத்ததாகக்கூடச் சொல்லக் கேட்டிருக்கிறேன். வாராக் கடன் ஏறி, சில ஆண்டுகள் தொடர் நட்டம். 2020 நவம்பர் 17 அன்று பணம் எடுக்க 25,000 ரூபாய் உச்சவரம்பு வைத்தார்கள். 27ஆம் தேதி வங்கி, சிங்கப்பூர் டி.பி.எஸ். குழுமத்தின் இந்திய வங்கியோடு இணைக்கப்பட்டது. டெபாசிட்தாரர் ஒருவருக்கும் ஒரு ரூபாய் குறையவில்லை. பங்குதாரர்களின் மூலதனம் முழுவதும் தள்ளுபடி செய்யப்பட்டது. அவர்கள் கையில் இருந்த பங்குகளுக்கு மாற்றாக எதுவும் வரவில்லை. டெபாசிட்டுக்கு 5 லட்சம் வரை காப்பீடு உண்டு, அந்த ஆண்டு பிப்ரவரியில்தான் ஒரு லட்சத்திலிருந்து அதை உயர்த்தியிருந்தார்கள். பங்குக்கு அப்படி எதுவும் இல்லை. அதே கரூரில் 1916இல் பிறந்த கரூர் வைசியா வங்கி இன்றும் லாபத்தில் நடக்கிறது, டிவிடெண்டும் கொடுக்கிறது. ஊர் ஒன்று, தொழில் ஒன்று, வயதும் ஏறக்குறைய ஒன்று. பழைய பெயர், நீண்ட பரம்பரை என்பதை மட்டும் பார்த்து வாங்கியவருக்கு இரண்டுக்கும் வித்தியாசம் தெரிந்திருக்காது.

அதனால் இப்போது என்னிடம் வருபவர்களிடம் ஷேரைப் பற்றி முதலில் பேசுவதில்லை. இந்தப் பணம் எதற்கு என்று கேட்கிறேன். மாதச் செலவுக்கு, மருந்துக்கு, பேத்தி பள்ளிக்கூடக் கட்டணத்துக்கு என்றால் பேச்சு அங்கேயே முடிந்தது. அறுபது தாண்டியவருக்கு அஞ்சலகத்தின் மூத்த குடிமக்கள் சேமிப்புத் திட்டம் இருக்கிறது. 2023 ஏப்ரலில் அதன் வட்டியை 8.2 சதவீதமாக உயர்த்தினார்கள், 30 லட்சம் வரை போடலாம், மூன்று மாதத்துக்கு ஒருமுறை பணம் வரும். இதற்கு எதிரே நிஃப்டியில் இருக்கும் 50 பெரிய கம்பெனிகளையும் மொத்தமாக எடுத்தால் டிவிடெண்ட் ஒன்றேகால் சதவீதத்தைச் சுற்றித்தான் வரும். லட்ச ரூபாய்க்கு வருசம் 1,250. இதைச் சொன்னதும் பாதிப் பேர் முகம் வாடிவிடுகிறது. நானும் உள்ளதைச் சொல்லிவிடுகிறேன்: இத்தனை வருசம் சேர்த்தும் எனக்கு ஓராண்டு முழுக்க வரும் டிவிடெண்ட், இந்த ஊரில் ஒரு கெஸ்ட் ஹவுஸ் அறைக்கு சீசன் மாதத்தில் வரும் வாடகையைத் தாண்டாது. டிவிடெண்டிலேயே உட்கார்ந்து சாப்பிடலாம் என்று யூடியூபில் சொல்கிறவரிடம் எத்தனை கோடி இருக்கிறது என்று கேட்டுவிட்டு நம்புங்கள்.

அப்புறம் எதற்கு வாங்குவது? அவசரமில்லாத பணம் இருந்து, தொழில் வளர வளர அந்த ஒன்றேகால் சதவீதமும் ரூபாய்க் கணக்கில் வளரும் என்று பத்து வருசம் காத்திருக்க முடிந்தால் வாங்கலாம். அந்தக் காத்திருப்பு எப்படிப்பட்டது என்பதற்குக் கோல் இந்தியாவைப் பாருங்கள். 2010 அக்டோபரில் பங்கு 245 ரூபாய்க்கு வெளியானது. சின்ன முதலீட்டாளர்களுக்கு 5 சதவீதம் தள்ளுபடி. எங்கள் பக்கத்தில் பலர் டீமேட் கணக்கு தொடங்கியதே அதற்காகத்தான். 2014 ஜனவரியில் ஒரே தவணையில் பங்குக்கு 29 ரூபாய் கொடுத்தார்கள். 2015இல் விலை 400ஐத் தாண்டியது. 2020 அக்டோபரில் அதே பங்கு 120 ரூபாய்க்குக் கீழே கிடந்தது. பத்து வருசத்தில் கைக்கு வந்த டிவிடெண்ட் 160 ரூபாய்க்கு மேல். பங்கின் விலை போட்ட பணத்தில் பாதிக்கும் கீழே. இரண்டையும் கூட்டினால் முதலுக்குக் கொஞ்சம் மேலே நின்றது, அவ்வளவுதான். அந்த வெறுப்பில் விற்றவர்கள் 2024இல் அது 500ஐத் தாண்டியதைப் பார்த்து இன்னொரு தடவை வயிறெரிந்தார்கள். இந்த மாதிரிப் பத்து வருசத்தை உட்கார்ந்து கடக்க முடியுமா என்று தன்னைத்தானே கேட்டுக்கொள்ளாமல் வாங்கக் கூடாது.

கோல் இந்தியா மாதிரி அரசு கம்பெனிகள் தாராளமாகக் கொடுப்பதற்கு ஒரு காரணமும் உண்டு. பெரும்பங்கு டெல்லியிடம் இருக்கிறது, பட்ஜெட்டில் துண்டு விழும்போது டெல்லிக்குப் பணம் வேண்டும். லாபத்தில் 30 சதவீதம் அல்லது நிகர மதிப்பில் 5 சதவீதம், எது அதிகமோ அதையாவது கொடுக்க வேண்டும் என்று 2016இல் நிதி அமைச்சகம் விதியே போட்டது. 2024இல் அந்த 5 சதவீதத்தை 4 ஆக்கினார்கள். நெய்வேலி நிலக்கரி நிறுவனத்திலும் இந்தக் கதைதான். 2013இல் மத்திய அரசு அதன் பங்குகளை விற்க வந்தபோது தொழிலாளர்கள் எதிர்க்க, கடைசியில் 3.56 சதவீதத்தைத் தமிழக அரசின் நிறுவனங்களே வாங்கிக்கொண்டன. ஆக, டிவிடெண்டுக்குக் காத்திருப்பவர்களில் நம் மாநில அரசும் உண்டு.

முதலாளிக்குப் பணம் வேண்டும் என்பது தனியார் கம்பெனியிலும் நடக்கும். தூத்துக்குடி ஸ்டெர்லைட் ஆலையின் சொந்தக்காரரான வேதாந்தா 2022-23இல் ஐந்து தவணையாகப் பங்குக்கு 101.50 ரூபாய் கொடுத்தது. லண்டனில் இருக்கும் அதன் தாய் நிறுவனத்துக்குக் கடன் கழுத்து வரை இருந்த காலம். 2022 மார்ச் முடிவில் 400 ரூபாயைத் தொட்டிருந்த பங்கு, அடுத்த மார்ச்சில் 275க்கு அருகே. நூறு ரூபாயை வாங்கிய கை, நூற்றிருபதுக்கு மேல் இழந்திருந்தது. அடுத்த ஆண்டு டிவிடெண்ட் 29.50. ஆகவே எவ்வளவு கொடுக்கிறார்கள் என்பதோடு எதிலிருந்து கொடுக்கிறார்கள் என்பதையும் பார்க்க வேண்டியிருக்கிறது. லாபம் 100 ரூபாய் என்றால் அதில் எத்தனை கொடுத்தார்கள், வருசா வருசம் 90க்கு மேல் போகிறதா, ஒரு பக்கம் கடன் ஏறிக்கொண்டே மறுபக்கம் டிவிடெண்டும் போகிறதா. ஆண்டறிக்கையின் ரொக்க ஓட்டப் பக்கத்தில் இது இருக்கும். நான் பத்து வருசத்தை எடுத்துவைத்துக்கொண்டு 2019-20, 2020-21 இரண்டையும்தான் முதலில் பார்ப்பேன். நல்ல காலத்தில் எல்லோரும் கொடுப்பார்கள்.

முகமதிப்பு விஷயத்தில் ஏமாறாதீர்கள். 2023-24க்கு எம்.ஆர்.எஃப். கடைசித் தவணையாக அறிவித்தது 1,940 சதவீத டிவிடெண்ட். சதவீதம் என்பது 10 ரூபாய் முகமதிப்பின் மேல். அதாவது 194 ரூபாய். அந்தப் பங்கின் விலை அப்போது லட்சத்துக்கும் மேல்.

யார் கையில் பங்கு இருக்கிறது என்று டிவிடெண்டுக்காகக் கம்பெனி கணக்கெடுக்கும் நாளான ரெக்கார்டு டேட்டுக்கு முந்தைய நாள் வாங்கி, டிவிடெண்டை வாங்கிக்கொண்டு விற்றுவிடலாமே என்று புத்திசாலிப் பிள்ளைகள் கேட்பார்கள். வாங்கிய மறு வேலைநாளே பங்கு கணக்கில் ஏறிவிடுகிற முறை 2023 ஜனவரி 27இல் முழுமையாக வந்துவிட்டதால், செய்ய முடியும்தான். ஆனால் 100 ரூபாய்ப் பங்கு 5 ரூபாய் கொடுத்தால் அன்று காலை அது 95ஐ ஒட்டித்தான் தொடங்கும். உங்கள் சட்டைப் பையில் ஒன்றிலிருந்து இன்னொன்றுக்கு 5 ரூபாய் மாறியிருக்கிறது. மாறிய 5 ரூபாய்க்கு வரி வேறு. 2020 மார்ச் வரை டிவிடெண்டுக்கான வரியைக் கம்பெனியே கட்டிவிடும். அதன்பின் அது வாங்குபவரின் வருமானத்தோடு சேர்ந்துவிட்டது. 30 சதவீத வரி கட்டுபவருக்கு அந்த 5இல் ஒன்றரை ரூபாய் போய்விடும். ஒரே கம்பெனியிலிருந்து ஆண்டுக்கு 10,000 ரூபாய்க்கு மேல் வந்தால் 10 சதவீதம் பிடித்துக்கொண்டுதான் தருவார்கள். 2025 ஏப்ரலுக்கு முன் இந்த வரம்பு 5,000. பான் எண் இணைக்காதவருக்கு 20 சதவீதம். வரியே வராத வருமானக்காரர் அதற்கான உறுதிமொழிப் படிவத்தை முன்கூட்டியே கொடுத்துவிட்டால் பிடிக்கமாட்டார்கள், மறந்துவிட்டால் கணக்குத் தாக்கல் செய்து திரும்பப் பெறலாம்.

இதைவிடப் பெரிய பணம் மறதியில் போகிறது. ஊரில் ஒரு டீச்சரம்மா, கணவர் இறந்து வெகுகாலம் கழித்து டிரங்குப் பெட்டியைத் திறந்தால் தாள் பங்குகளும் மாற்றாத டிவிடெண்ட் வாரண்டுகளும். ஏழு வருசம் யாரும் கேட்காத டிவிடெண்ட் முதலீட்டாளர் கல்வி மற்றும் பாதுகாப்பு நிதிக்குப் போய்விடும். தொடர்ந்து ஏழு வருசம் கேட்காவிட்டால் பங்குகளே போய்விடும். திரும்பப் பெறலாம், அதற்கு ஐ.இ.பி.எஃப்-5 என்று படிவம், வாரிசுச் சான்று, உறுதிப் பத்திரம், கம்பெனியின் அதிகாரிக்குத் தபால், அதில் கையெழுத்து மாறியிருக்கிறது என்று திரும்பி வரும் தபால். தாளாகவே வைத்திருப்பவருக்கு 2024 ஏப்ரல் முதல், பான், வங்கி விவரமெல்லாம் கொடுத்தால்தான் டிவிடெண்டே வரும், அதுவும் கணக்கில்தான். டீமேட் கணக்கில் வாரிசுதாரர் பெயர் போடாமல் முதல் பங்கை வாங்கவே வேண்டாம் என்று நான் கறாராகச் சொல்வது இந்த அம்மாவுக்கு மனு எழுதிக் கொடுத்த பிறகுதான்.

சொல்வதையெல்லாம் எல்லோரும் கேட்பதில்லை. ஆரோவில் யூனிட் ஒன்றில் தச்சு வேலை செய்யும் பையன் ஒருவன் நான் வேண்டாமென்ற பட்டியலிலிருந்தே ஒரு கம்பெனியில் பத்துப் பங்கு வாங்கினான். "போனா மூணு நாள் சம்பளம், அண்ணா" என்றான். அதற்கு என்னிடம் பதில் இல்லை. டிவிடெண்ட் பாதியாகக் குறைந்தது. அவன் செய்த காரியம் எனக்குத் தோன்றியதே இல்லை: 2020 முதல் ஆண்டுப் பொதுக்கூட்டங்கள் வீடியோ வழியாகவும் நடப்பதால், பேசுவதற்குப் பெயர் பதிந்துவிட்டான். மதிய சாப்பாட்டு நேரத்தில் செல்போனை மரப்பலகையில் சாய்த்து வைத்து, தமிழும் ஆங்கிலமும் கலந்து, ஏன் குறைத்தீர்கள் என்று கேட்டான். புது ஆலைக்குப் பணம் வேண்டியிருக்கிறது, வெளியே கடன் வாங்கினால் வட்டி அதிகம், இரண்டு வருசம் பொறுங்கள் என்று தலைவர் விளக்கம் சொன்னார். ஆலை எங்கே, எவ்வளவு செலவு, எப்போது ஓடும் என்பதெல்லாம் ஆண்டறிக்கையில் இருக்கிறதென்றும் சொன்னார். அன்று சாயங்காலம் அந்த அறிக்கையைப் பதிவிறக்கம் செய்து எடுத்துக்கொண்டு என் வீட்டுக்கு வந்தான், அந்தப் பக்கத்தைத் தேடித் தரச் சொல்லி.